ஒரே பக்கமாக எடுத்த படங்கள்

"எல்லாம் எடுத்தாச்சா, அத்தான்?"

"எடுத்தாச்சு."

"எண்பத்து நாலு இடத்துலயும்?"

"எண்பத்து நாலு இடத்துலயும்."

"ஒவ்வொரு இடத்துலயும் நேரா ஒண்ணு, கேமராவைச் சாய்ச்சு ஒண்ணு?"

"என்னம்மா இது, போலீஸ்கூட இவ்வளவு கேக்கமாட்டாங்க. உங்க அக்காவைக் கட்டும்போது, கூடவே ஒரு வக்கீல் மச்சினியும் வர்றாங்கன்னு யாரும் சொல்லலையே!"

"சொல்லுங்க அத்தான். சாய்ச்சு எடுத்தீங்களா?"

"எடுத்தேன், எடுத்தேன். காகிதத்துல டிக் போட்டிருக்கேன் பாரு. நூத்தி அறுபத்தெட்டு டிக். சந்தேகமா இருந்தா உக்காந்து எண்ணு."

அவள் எண்ணவில்லை. அவர் நீட்டிய மெமரி கார்டை வாங்கிக்கொண்டாள். அது ஈரமாக இருந்தது. வெயிலில் வந்த வியர்வை என்று நினைத்து, சட்டை ஓரத்தில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு எத்தனையோ நாள் இந்தப் பேச்சை ஒரு சொல்கூட வரிசை மாறாமல் நினைத்துப் பார்த்திருக்கிறாள். எந்த இடத்தில் அவர் பொய் சொல்லத் தொடங்கினார் என்று தேடினால், அவருடைய இரண்டாவது பதில் வரைக்கும் எல்லாம் உண்மையாகத்தான் இருந்தது.

அவளுடைய அக்காவின் கணவரை வேலையிடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஸ்டிக்கர்' என்பார்கள். முப்பது மீட்டர் அகலமுள்ள அந்த ரேடியோ ஆன்டெனாவின் தட்டில் இரண்டாயிரத்து நூறு சின்ன வட்டங்களை ஆறு வாரம் தொங்கிக்கொண்டே ஒட்டியவர் அவர். வாகனத்தின் விளக்கு பட்டால் சாலையோரப் பலகை பளிச்சென்று மின்னுமே, அந்த வகைத் தாள். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவுதான். ஆன்டெனாவுக்கு வருவதற்கு முன் உயரமான கட்டடங்களுக்கு விளம்பரப் பலகை மாட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் அக்காவைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனால் கடையைப் பார்க்கமாட்டாராம், அண்ணாந்து பலகையைப் பார்த்து, "அதோ, அந்த மூலை ஆணி நான் அடிச்சது" என்பாராம். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அவளுடைய வேலை தரையில். தட்டுக்கு எதிரே இருநூறு அடி தள்ளி ஒரு தகரக் கூரை அறை, அதில் இரண்டு திரை, கால் ஆடும் ஒரு நாற்காலி. இத்தனை பெரிய தட்டு, சாயும்போது தன் கனத்தாலேயே கொஞ்சம் வளையும். எவ்வளவு வளைகிறது என்பதைத் தொடாமல், புகைப்படம் எடுத்தே அளக்க வேண்டும். அதற்கு முன் எங்கிருந்து, எத்தனை படம் எடுத்தால் அளவு சரியாக வரும் என்று கண்டுபிடிப்பதுதான் அவள் பொறுப்பு. கம்ப்யூட்டருக்குள் ஒரு தட்டை உண்டாக்குவாள். அதைத் தானே இரண்டு மில்லிமீட்டர் வளைப்பாள். இல்லாத கிரேனில், இல்லாத கூடையில் இல்லாத கேமராவை ஏற்றி, இல்லாத படங்களை எடுக்க வைப்பாள். கை நடுக்கத்தால் வருவதுபோலப் படங்களில் கொஞ்சம் பிசிறையும் கலப்பாள். பிறகு அந்தப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, தான் வளைத்த வளைவு திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பாள். அறுபது இடத்திலிருந்து எடுத்தால் கிடைக்கவில்லை. எண்பத்து நான்கில் கிடைத்தது. திரையில் எண்பத்து நான்கு என்று தட்டுவதற்கு ஒரு நொடி. அத்தானுக்கு அது ஒன்பது மாடி உயரத்தில், கிரேனில் தொங்கிக் காற்றில் ஆடும் கூடையில் ஒரு முழுப்பகல்.

கேமராவைச் சாய்த்து இன்னொரு படம் என்பதும் அவள் கணக்கு சொன்னதுதான். எந்த லென்ஸிலும் கொஞ்சம் கோணல் உண்டு. கேமராவை ஒரே வாக்கில் பிடித்தால் லென்ஸின் கோணலும் தட்டின் கோணலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எது எதுவென்று பிரிக்க முடியாது. கேமராவைப் பக்கவாட்டில் கால் வட்டம் திருப்பி இன்னொன்று எடுத்தால், லென்ஸின் கோணல் கூடவே திரும்பும், தட்டின் கோணல் இருந்த இடத்திலேயே இருக்கும். அப்போது இரண்டும் பிரிந்துவிடும். இதை அத்தானுக்கு ஒருமுறை சொன்னபோது, "அதாவது குத்தம் யாரு மேலன்னு கண்டுபிடிக்கிற வழி" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு முடிவு வந்தது. தட்டின் இடது விளிம்பு ஆறு மில்லிமீட்டர் தொங்கியிருந்தது.

அவள் தலைமைப் பொறியாளரைக் கூப்பிட்டாள். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை 'மில்லிமீட்டர்' என்பார்கள். கோப்பையில் தேநீர் குறைந்தால்கூட எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிடுவார் என்று கேலி. அன்றைக்கு அவர் குனிந்து, திரையில் அந்த இடது விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டு வந்தா சரி. ஆறுன்னா பின்னாடி ஏதோ விட்டுருக்கு," என்றார்.

பின்னாடி என்பது தட்டின் முதுகு. இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று பற்றவைத்துப் பின்னிய கூடு அது. குழாய்கள் சேரும் ஏதோ ஒரு பற்றில் விரிசல் விட்டிருக்கலாம். கூட்டுக்குள் கிரேன் நுழையாது. ஆள்தான் குழாய்களுக்கு நடுவே ஊர்ந்து போய், ஒவ்வொரு பற்றையும் சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும். அதுவும் தட்டைச் சாய்த்து வைத்துத்தான். நிமிர்த்தி வைத்தால் விரிசல் வாயை மூடிக்கொள்ளும்.

"நாளைக்குக் காலையில, காத்து எழும்பறதுக்கு முன்னாடி. ரெண்டு பேரு. ஒருத்தருக்கு ஒருத்தர் கயித்தைக் கட்டிக்கிட்டுப் போகணும். யாரு போறீங்க?"

கதவோரம் நின்றவர்களில் பெயிண்டர் கையைத் தூக்கினார். தட்டுக்கு வெள்ளையடிப்பவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். அடுத்த கை அத்தானுடையது.

"நான் போறேன் சார்."

சத்தமாகத்தான் சொன்னார். ஆனால் தூக்கிய கையை உடனே இறக்கி, இன்னொரு கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஓடிப்போகும் குழந்தையைப் பிடிப்பதுபோல. அந்தப் பிடியையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று தெரியவில்லை.

எல்லோரும் போனபின் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எந்தப் பற்று என்று சொல்லிவிட்டால் போதும், இரண்டு பேரும் முழுக் கூட்டையும் தடவ வேண்டியதில்லை. நேராகப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். கம்ப்யூட்டர் தட்டில் ஒரு பற்றை உடைத்தாள், போலிப் படங்கள் எடுத்தாள், நிஜத்தோடு ஒப்பிட்டாள். பொருந்தவில்லை. அடுத்த பற்றை உடைத்தாள். சேர்த்து இரண்டை உடைத்தாள். பற்று உடைந்தால் தட்டு ஒரு மூலையில் நெளிய வேண்டும். இங்கேயோ துணியை இரண்டு எதிர் முனையில் பிடித்து மெல்ல இழுத்ததுபோல, வழுவழுவென்று ஒரு முறுக்கு. இரும்பு இவ்வளவு அழகாகக் கெட்டுப்போகாது.

நான்கு மணிக்கு அவளுக்கு ஓர் எண்ணம் வந்தது. வந்ததும் அதை விரட்டினாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து, புரோகிராமில் போலிக் கேமராவைச் சாய்க்கும் வரியை மட்டும் நீக்கிவிட்டு, நல்ல தட்டையே படம் எடுக்க வைத்தாள்.

ஆறு மில்லிமீட்டர். இடது விளிம்பு. அதே முறுக்கு.

நிஜப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகளாக அத்தான் ஒட்டிய வட்டங்கள், வேறொன்றும் இல்லை. அந்தப் படங்களை வெறும் கண்ணால் பார்த்தால் எது மேல், எது கீழ் என்றே தெரியாது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் தோன்றவில்லை. ஒவ்வொரு படமும் எந்த வாக்கில் எடுக்கப்பட்டது என்று கம்ப்யூட்டர் ஏற்கெனவே கண்டுபிடித்து ஒரு பட்டியலில் எழுதி வைத்திருந்தது. அத்தான் எடுத்த படம் என்பதால் அவள்தான் அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை. நூற்று அறுபத்தெட்டுப் படங்களும் ஒரே பக்கம். எண்ணிக்கை குறையாமல் இருக்க, ஒவ்வொரு இடத்திலும் பொத்தானை இரண்டு தடவை அழுத்தியிருக்கிறார்.

அப்போது அக்கா ஃபோன் செய்தாள்.

"ஏண்டி, நாளைக்கு அவருக்கு என்ன வேலை?"

"ஏன்க்கா?"

"சீக்கிரமா வந்துட்டாரு. வந்ததுலேர்ந்து சாப்பிடல, பேசல. ஷூவைத் துடைக்கிறேன்னு உக்காந்தவரு அரை மணி நேரமா ஒரே ஷூவைத் துடைச்சுக்கிட்டு இருக்காரு. கேட்டா, 'ஷூன்னா பளபளன்னு இருக்க வேணாமா'ங்கறாரு. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"வழக்கமான வேலைதான்க்கா."

"நிஜமா?"

"ம்."

இரண்டே நாளில் அந்தக் குடும்பத்தில் அவளும் ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. அக்கா இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். மாடி வீடு வேண்டாம், கீழ்த்தளமே போதும் என்று பிடிவாதமாக வீடு மாறினாரே, இப்போது அங்கேயும் கட்டிலை ஜன்னலைவிட்டுத் தள்ளிப் போட்டிருக்கிறார் என்றாள். பாப்பாவைத் தோளில் தூக்கி ஒரு வருஷமாகிறது என்றாள். "முதுகு வலியாம்." ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அவளுக்கு விஷயம் புரிந்துகொண்டே வந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

பொறியாளரிடம் சொன்னால், பொய் டிக் போட்டவரை ஒரு நாள்கூட வேலையில் வைத்திருக்கமாட்டார். சொல்லாவிட்டால், கூடையில் நின்று கேமராவைத் திருப்பவே முடியாத ஒருவர் நாளைக் காலையில் குழாய்களுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருப்பார். அவர் இடுப்பில் இன்னொருவரின் கயிறும் இருக்கும். அன்றிரவு முழுக்க ஒவ்வொரு முறை கண்ணை மூடியபோதும், அந்தக் கூட்டுக்குள் ஒரு கை குழாயைப் பிடித்தபடி அசையாமல் நிற்பதைத்தான் பார்த்தாள். கையை மட்டும்தான். ஆளைப் பார்க்கத் துணிவில்லை.

காலையில் வெளிச்சம் வந்தவுடனே தட்டின் அடியில் போய் நின்றாள். தட்டு ஏற்கெனவே சாய்ந்து, பாதி வானத்தை மறைத்துக்கொண்டிருந்தது. பெயிண்டர் கயிற்றைச் சுருள் பிரித்துக்கொண்டு ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி அத்தான் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். கொக்கி வளையத்துக்குள் போகமாட்டேன் என்றது. மூன்றாவது தடவையாக முயன்றுகொண்டிருந்தார்.

"அத்தான், படம் எல்லாம் ஒரே பக்கமா இருக்கு."

அவர் நிமிரவில்லை. "எந்தப் படம்?"

"நூத்தி அறுபத்தெட்டும்."

"கேமரா கோளாறா இருக்கும்."

"கேமரா கோளாறு இல்ல."

"அப்போ உன் கம்ப்யூட்டர் கோளாறு. எனக்கு முன்னாடியே தெரியும், அது மூஞ்சியே சரியில்ல." சிரிக்கப் பார்த்தார். உதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது.

அவள் அந்தக் கொக்கியை வாங்கி வளையத்தில் போட்டுவிட்டாள். 'க்ளிக்' என்றது. அவர் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கேமராவைத் திருப்பணும்னா ரெண்டு கையும் வேணும். இடது கை கூடைக் கம்பியை விடல. நான் விடச் சொன்னேன். கெஞ்சினேன்கூட. அது கேக்கவே இல்ல."

"எப்பலேர்ந்து?"

"போன வருஷம் கூடை ஒரு அடி இறங்குச்சே."

"ஒரு அடியா?"

"ஒரே அடி. டப்புன்னு இறங்கிச்சு, நின்னுடுச்சு. கீழேருந்து கிரேன்காரர், 'என்னப்பா, ஊஞ்சல் நல்லா இருக்கா?'ன்னு கேட்டுச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அன்னைக்குச் சிரிச்சு வெச்சுட்டேன். அதுக்கு அப்புறம் பயமா இருக்குன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

மேலே எங்கோ ஒரு குழாய் குளிரில் 'டிக்' என்று சத்தம் போட்டது. இருவருமே திடுக்கிட்டார்கள்.

"மில்லிமீட்டர்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல."

"அப்போ விட்டுடு. நான் மேல போயி நாலு தட்டு தட்டிட்டு, ஒண்ணும் இல்ல சார்னு வந்து சொல்லிடறேன். ஒண்ணும் இல்லன்னு உனக்குத்தான் தெரியுமே!"

"ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியாது அத்தான். அந்தப் படத்தை வெச்சு நல்லா இருக்குன்னும் சொல்ல முடியாது, விரிசல் விட்டுருக்குன்னும் சொல்ல முடியாது. நிஜமாவே விட்டிருந்தாலும் இருக்கும்."

அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் இடது கையைப் பார்த்தார்.

"பாதியில கை மறுபடியும் விடமாட்டேன்னுட்டா?" என்றாள். "பெயிண்டர் அண்ணன் கயிறு உங்க இடுப்புலதானே இருக்கும்."

பெயிண்டரின் பாட்டு நின்றிருந்தது. கேட்டுவிட்டாரா என்று தெரியவில்லை. சுருளைப் பிரித்தபடியே இருந்தார், ஆனால் அதே சுருளை.

பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். "என்ன, கிளம்பலாமா? இன்னும் அரை மணியில காத்து வந்துடும்."

அவள் வாயைத் திறந்தாள். இரவெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம். "சார், யாரும் ஏறவேண்டாம். படங்களைத் திரும்ப எடுக்கணும். கேமராவைச் சாய்க்காமலே எடுத்திருக்கு."

"சாய்க்கலையா? டிக் இருக்கே!" என்றவர் பையிலிருந்து டிக் போட்ட தாளை எடுத்து, அவளையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு போட்டது?"

அக்காவின் குரல் காதில் கேட்டது. நிஜமா? ம்.

"நான்தான் சார்," என்றார் அத்தான். "கையை விட முடியல. பயம்."

பொறியாளர் தாளை நான்காக மடித்தார். "நூத்தி அறுபத்தெட்டு பொய்," என்றார்.

"எண்பத்து நாலு சார். நேரா எடுத்ததுக்குப் போட்ட டிக் நிஜம்."

யாரும் சிரிக்கவில்லை. அத்தான் சிரிப்பதற்காகச் சொல்லவும் இல்லை. கொக்கியைக் கழற்றும்போதும் அவர் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. இந்தத் தடவை அதை மறைக்க இன்னொரு கையைக் கொண்டுவரவில்லை.

அன்று யாரும் ஏறவில்லை. அடுத்த நாள் பெயிண்டர் கூடையில் போய் எண்பத்து நான்கு இடத்திலும் கேமராவை நேராகவும் சாய்த்தும் எடுத்துவந்தார். அவள் முதலில் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு படத்தின் வாக்கையும் பார்த்தாள், அதன்பிறகுதான் கணக்கைத் தொட்டாள். இரண்டு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. தட்டு நன்றாகத்தான் இருந்தது.

அத்தானை வேலையைவிட்டு அனுப்பவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, கருவிகள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். உயரத்துக்கு இனிமேல் இல்லை. அக்காவிடம் அவரே சொன்னார். அக்கா அழுதது வேலைக்காக இல்லை. "ஒரு வருஷமா எங்கிட்டயும் சிரிச்சு ஏமாத்திட்டாரேடி" என்றுதான் ஃபோனில் அழுதாள். அதன்பின் இரண்டு மாதம் அத்தான் மச்சினியோடு மனம்விட்டுப் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குப் போனால், "சாப்டியாம்மா?" என்பார், எழுந்து வாசல் பக்கம் போய்விடுவார். தன்னுடைய பயத்தைப் பார்த்துவிட்ட ஒருத்தி எதிரில் வந்து உட்கார்ந்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரியும். அதனால் அவளும் போவதைக் குறைத்துக்கொண்டாள்.

காற்றுக்காலம் முடிந்து அடுத்த அளவெடுப்புக்கு நாள் குறித்தார்கள். அவள் மறுபடியும் போலித் தட்டு, போலிப் படங்கள் என்று உட்கார்ந்திருந்தாள். இந்த முறை தட்டு இன்னும் அதிகமாகச் சாயும், கூடை இன்னும் உயரம் போகவேண்டும். ஒரு மதியம் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திரும்பினால் அத்தான். சார்ஜ் போட்ட கேமரா பேட்டரிகளைக் கொண்டுவந்திருந்தார். மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் திரையையே பார்த்தார். தட்டைச் சுற்றிச் சின்னச் சின்ன முக்கோணங்கள் மிதந்தன, ஒவ்வொன்றும் ஒரு கேமரா.

"இந்தக் கூடையில யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல அத்தான். வெறும் கேமராதான்."

"கை நடுக்கம்?"

"கொஞ்சம் பிசிறு போட்டிருக்கேன். எல்லா இடத்துக்கும் ஒரே அளவு."

"எல்லா இடத்துக்கும் ஒரே அளவா இருக்காது. ஏற ஏறக் கூடும். ஒரேயடியா மேல போயிட்டா கை ஆடாது, கட்டை மாதிரி நின்னுடும். அது இன்னும் மோசம்." பேட்டரி ஒன்றை எடுத்து, பார்த்து, வைத்தார். "பெயிண்டர் அன்னைக்குக் கூடையைவிட்டு இறங்குனப்ப பாத்தியா? பாடிக்கிட்டேதான் வந்தான். தண்ணி கொடுத்தேன், பாட்டிலோட மூடியைத் திறக்க முடியல அவனால. நான்தான் திறந்து கொடுத்தேன்."

அவள் முக்கோணங்களைப் பார்த்தாள். உச்சியில் இருந்தவை மிகச் சின்னதாகத் தெரிந்தன.

"எனக்காக ஒண்ணு பண்ணும்மா," என்றார் அத்தான். "அந்தக் கூடையில ஒரு ஆளைப் போடு. தைரியசாலியா வேணாம். ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, எப்படா இறக்குவாங்கன்னு நிக்கிறவனைப் போடு. அவன் எடுத்தாலும் தட்டோட கோணல் சரியா வர்ற மாதிரி கணக்கு போட்டுக் கொடு."